மார்கழிக் குளிரில் பதியன்கள்: தூவல் நீரைச் சூடாக்கலாமா?

கார்த்திகை முடிந்து வாடைக்காற்று திரும்பியதும், நாற்றுமேடை வைத்திருக்கும் குடும்பங்களிடமிருந்து எமக்கு ஒரே கேள்வி வரத் தொடங்குகிறது. "நடுகைத் தண்டுகள் எல்லாம் பச்சையாகத்தான் நிற்குது, ஆனால் வேர் விடுகுதில்லை. தூவுகிற தண்ணி குளிர் கூடிப்போச்சு. அதைச் சூடாக்கி விட்டால் என்ன?" கிளிநொச்சியில் சிலர் தாங்கிக்குள் மின்சாரச் சுருளை இறக்கியிருக்கிறார்கள். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு குடும்பம் நெல் அவிக்கும் கொப்பரையில் நீரைக் காய்ச்சித் தாங்கிக்குள் ஊற்றுகிறது. கேள்வி நியாயமானது. ஆனால் விறகையும் மின்சாரத்தையும் செலவழிக்கும் முன் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டிய விடயம் இது.

வன்னியில் குளிர் என்ன குளிர் என்று மலைநாட்டார் சிரிக்கலாம். மார்கழி, தை மாதங்களில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் விடியற்புறத்து வெப்பநிலை பெரும்பாலும் 21, 22 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும்; சில நாட்களில் அதற்கும் கீழே இறங்கும். நுவரெலியாவில் இருப்பவருக்கு இது வெயில் காலம். ஆனால் ஆண்டு முழுதும் 28, 30 பாகையில் பழகிய செடிக்கும் மாட்டுக்கும் அப்படியல்ல. 2022 மார்கழியில் மண்டூஸ் புயல் கரையோரமாகக் கடந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் குளிரில் விறைத்து இறந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. அந்தக் கால்நடைகளைக் கொன்றது வெறும் குளிர் அல்ல. நனைந்த உடல், அதன்மேல் ஓயாத காற்று, ஒதுங்க இடமில்லாத வெளி ஆகிய மூன்றும் சேர்ந்தே கொன்றன. நாற்றுமேடைக்கும் இதே மூன்றுதான் எதிரி. ஈர இலை, வாடைக்காற்று, திறந்த வெளி. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி இலகுவாக விளங்கும்.

தூவல் எதற்காக?

தண்டை வெட்டி மணலில் ஊன்றும்போது அதற்கு வேர் இல்லை. இலையோ வழமைபோல் நீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கும். வரவு இல்லாமல் செலவு மட்டும் நடக்கும் வீடு போல, இரண்டொரு நாளில் தண்டு வாடிவிடும். ஆகவே இலையைச் சுற்றியுள்ள காற்றை ஈரமாக வைத்து, இலையின் மேல் மெல்லிய நீர்ப்படலம் ஒன்றைப் போர்த்தி, அந்தச் செலவைக் குறைப்பதே நுண்தூவல். கடைக்காரர் இதை 'மிஸ்ற் சிஸ்டம்' என்பார். 1930களிலும் 40களிலும் அமெரிக்காவில் பரீட்சித்துப் பார்க்கப்பட்ட இம்முறை, 1950களில் நேரங்காட்டிக் கருவிகள் வந்த பின்னரே நாற்றுமேடைகளில் பரவியது. வெயில் நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சில விநாடிகள் தூவினால் போதும். இலை நனைந்தபடி இருக்க வேண்டும், மண் ஊறக்கூடாது.

தூவல் இலையைக் குளிர வைப்பதற்காகவே உண்டானது என்பதைக் கவனியுங்கள். தலை குளிர்ச்சியாக இருக்க வேண்டும், கால் சூடாக இருக்க வேண்டும். இலை இருக்கும் மேற்பகுதி குளிர்ந்தால் நீர்ச்செலவு குறையும், மொட்டு அவசரப்பட்டு விரியாது. தண்டின் அடி 24 முதல் 27 பாகை வரை இருந்தால் அங்கே கலங்கள் பெருகி வேர் முளைக்கும். அடி 20, 21 பாகைக்கு இறங்கினால் அந்த வேலை மந்தமாகும். மூன்று வாரத்தில் வர வேண்டிய வேர் ஐந்து, ஆறு வாரம் இழுக்கலாம். அவ்வளவு காலமும் தூவல் இலையைக் கழுவிக்கொண்டே இருப்பதால் இலையில் உள்ள போசணையும் கரைந்து போகும். குளிர்ந்த ஈர மணலில் பங்கசு பிடித்துத் தண்டின் அடி கறுத்து அழுகுவதும் இந்தக் காலத்தில்தான்.

ஆக, பிரச்சினை இருப்பது காலில். நாம் சூடாக்க நினைப்பதோ தலையில் விழும் நீரை.

சூடு எங்கே போகிறது?

ஒரு லீற்றர் நீரை 22 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க 18,000 கலோரி வெப்பம் வேண்டும். அதே நேரம், ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 18,000ஐ 580ஆல் வகுத்துப் பாருங்கள். முப்பத்தொரு கிராம். அதாவது ஒரு லீற்றரில் நூற்றுக்கு மூன்று பங்கு ஆவியானாலே நீங்கள் விறகெரித்துக் கொடுத்த சூடு முழுவதும் போய்விடும். தூவல் நீர் ஆவியாவதற்கென்றே பொடியாக்கப்பட்டது. மயிர் இழை அளவான அந்தத் துளி நொசிலை விட்டுப் புறப்பட்டு இலையைத் தொடுமுன், ஒரு விநாடிக்குள்ளேயே, சுற்றியுள்ள காற்றின் குளிருக்கு இறங்கிவிடும். காற்று உலர்ந்திருந்தால் காற்றிலும் குளிர்ந்துவிடும். தாங்கியில் 40 பாகையாக இருந்தாலென்ன, 25 ஆக இருந்தாலென்ன, இலைக்கு வந்து சேர்வது ஏறக்குறைய ஒரே துளிதான். நம்பாதவர்கள் நொசிலுக்குக் கீழே இரண்டு முழம் தள்ளிக் கையை நீட்டிப் பார்க்கலாம்.

மார்கழியில் மழைக்காற்று ஈரமாகத்தானே இருக்கிறது, அவ்வளவு ஆவியாகாதே என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் சூடான துளி ஈரக்காற்றிலும் வேகமாக ஆவியாகும். கொதிக்கும் தேநீரிலிருந்து மழை நாளிலும் ஆவி பறப்பதில்லையா? மூடிய பொலித்தீன் கூடாரமென்றால் அந்தச் சூடு வெளியே போகாமல் உள்ளே நிற்கும் என்பதும் ஓரளவு உண்மை. அப்போது சூடாவது காற்று, மணல் அல்ல. தலை சூடாகிக் கால் குளிர்ந்து கிடக்க, வேர் விடுமுன் மொட்டு விரிந்துவிடும். "தளிர் விட்டிட்டுது" என்று வீட்டார் மகிழ்வார்கள். தண்டில் சேமித்திருந்த மாச்சத்து தளிரோடு செலவாகி, பத்தாம் நாள் எல்லாம் சரிந்துவிடும். இந்த ஏமாற்றத்தைப் பல வளவுகளில் நாம் கண்டிருக்கிறோம்.

செலவையும் பார்ப்போம். நாளொன்றுக்கு 200 லீற்றர் தூவும் சிறு மேடைக்கு அந்த நீரை 18 பாகை உயர்த்த, மின்சாரமென்றால் நான்கு அலகுக்கு மேல் தேவை. திறந்த அடுப்பில் விறகென்றால் ஏழு கிலோ முதல் பத்துக் கிலோ வரை எரியும். அந்த விறகை யார் பொறுக்கி வருவது? பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். மிதிவெடி அகற்றப்பட்டது என்று பலகை நாட்டப்படாத காட்டோரங்களுக்கு விறகுக்காகப் போக வேண்டாம் என்று இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது.

இன்னும் இரண்டு தீமைகள்

வன்னியின் பல கிணறுகளில் நீர் வன்மையானது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணப் படிவு நீர் சூடாகச் சூடாகக் கூடும். தூவல் நொசிலின் துவாரம் ஊசிமுனை அளவானது. சூடாக்கிய வன்னீர் சில வாரங்களில் அதை அடைத்துவிடும். அடைத்த நொசிலைக் கம்பியால் குத்த வேண்டாம், துவாரம் பெருத்துத் தூவல் துளியாகிவிடும். வினாகிரியிலோ தேசிக்காய்ப் புளியிலோ ஓர் இரவு ஊறப்போட்டுக் கழுவினால் போதும்.

இரண்டாவது தீமை உயிரைப் பற்றியது. வெதுவெதுப்பான நீர் தேங்கி நிற்கும் தாங்கிகளிலும் குழாய்களிலும் லெஜியோனெல்லா என்றொரு பக்ரீரியா பெருகும். குடித்தால் அது பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. நுண்துளியாக மூச்சோடு நெஞ்சுக்குள் போனால் கடும் நியூமோனியாவை உண்டாக்கும். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பழைய படைவீரர் சங்க மாநாட்டில் கூடியவர்களிடையே பரவி முப்பது பேரளவில் இறந்தபோதுதான் இந்த நோய் அறியப்பட்டது. பெயரும் அவர்களது சங்கத்திலிருந்தே வந்தது. 1999 மாசியில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பல் என்ற ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது. அங்கே காட்சிக்கு வைத்திருந்த வெந்நீர்ச் சுழல் தொட்டி ஒன்றிலிருந்து எழுந்த நுண்துளிகளைச் சுவாசித்தவர்களில் குறைந்தது 32 பேர் இறந்தனர். பூப் பார்க்கப் போனவர்கள்!

இந்தப் பக்ரீரியா 20 பாகைக்குக் கீழே உறங்கும், 25 முதல் 45 பாகை வரை பெருகும், 60 பாகையில் மாளும். தூவல் நீரைச் சூடாக்குவோர் கொண்டுவரும் 35, 40 பாகை அதற்கு மெத்தை விரித்துக் கொடுப்பது போன்றது. வயோதிபர்களும், புகைப்பவர்களும், சலரோகம் உள்ளவர்களும், ஏற்கெனவே நெஞ்சு வருத்தம் உள்ளவர்களும் இதற்கு இலகுவில் ஆளாவர். ஆளிலிருந்து ஆளுக்கு இது தொற்றுவதில்லை. நமது கிணற்று நீர் இயற்கையாகவே அந்தச் சூட்டு எல்லைக்குள் இருப்பதால், சூடாக்காதவர்களும் தாங்கியை மூடி வைக்க வேண்டும், உள்ளே வழுவழுப்புப் படிந்தால் தேய்த்துக் கழுவ வேண்டும், சில நாள் ஓடாமல் கிடந்த குழாயில் நின்ற நீரை நொசில்களைக் கழற்றிவிட்டு வெளியே ஓட விட்ட பின்னரே தூவத் தொடங்க வேண்டும். கூடாரத்துக்குள் ஆள் நிற்கும்போது தூவலை நிறுத்தி வைப்பது நல்லது.

கிணறே வெந்நீர்க் கொப்பரை

மார்கழி விடியலில் கிணற்றடியில் குளிப்பவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாளியால் அள்ளி ஊற்றும் முதல் நீர் இளஞ்சூடாக இருக்கும். கிணற்றிலிருந்து ஆவிகூட எழும். நிலத்தின் சில மீற்றர் ஆழத்தில் வெப்பநிலை ஆண்டு முழுதும் அதிகம் மாறுவதில்லை. அவ்விடத்து ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். வன்னியில் அது 27, 28 பாகை அளவு. வெளிக்காற்று 21இல் இருக்கும்போது கிணறு 27இல் இருக்கிறது. வேர் விடுவதற்கு எவ்வளவு சூடு வேண்டுமோ கிட்டத்தட்ட அதே சூட்டில், விறகில்லாமல், காசில்லாமல்.

நாம் செய்வது என்ன? மாலையில் மோட்டாரைப் போட்டு மேல்தாங்கியை நிரப்பி, இரவு முழுதும் வாடையில் நிற்க விட்டு, விடிந்ததும் திறக்கிறோம். தாங்கி நீர் சில பாகை இறங்கியிருக்கும். தரையில் கிடக்கும் கறுப்புக் குழாயில் நின்ற நீர் அதற்கும் கீழே இறங்கியிருக்கும். ஆகவே காலையில் மேடைக்கு நீர் விடுவதாயின் அப்போதே கிணற்றிலிருந்து இறைத்து விடுங்கள். தாங்கி அவசியமென்றால் காலையில் நிரப்புங்கள், மாலையில் அல்ல. தாங்கியைச் சுற்றி வைக்கோலைக் கட்டிச் சாக்கால் போர்த்தினால் சூடு அதிக நேரம் நிற்கும்.

அந்த நீரையும் தூவலாக விடாமல் பூவாளியால் மணலில் விட வேண்டும். பொடித் துளி காற்றில் தன் சூட்டை இழந்துவிடும் என்று கண்டோம். பூவாளியின் பெரிய துளி, அதுவும் மேடைக்கு ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தால், கொண்டு வந்த சூட்டில் பெரும் பங்கை மணலுக்குக் கொடுக்கும். ஆனால் அளவோடு. மணல் ஏற்கெனவே ஈரமாக இருந்தால் அன்று விடவே வேண்டாம்.

காலைச் சூடாக்கும் வழிகள்

மாட்டெருச் சூட்டுமேடை பழைய முறை, இன்றும் மலிந்த முறை. புதிய மாட்டெருவையும் வைக்கோலையும் கலந்து, நீர் தெளித்து, ஒன்றரை அடி உயரத்துக்கு மிதித்து நிரப்ப வேண்டும். ஆட்டெருவோ கோழிக்கூட்டு உமியெருவோ சேர்ந்தால் இன்னும் சூடு பிடிக்கும். சில நாட்களில் உள்ளே 50, 60 பாகை வரை ஏறும். அப்போது தண்டை ஊன்றினால் அவிந்துவிடும். ஒரு கிழமையளவு பொறுத்து, சூடு தணியத் தொடங்கியதும் மேலே நான்கு ஐந்து அங்குலம் கழுவிய மணலும் தும்புத்தூளும் சமமாகக் கலந்து பரப்பி ஊன்றலாம். புத்தகங்கள் இதற்குக் கிடங்கு வெட்டச் சொல்லும். வன்னியில் மார்கழியில் கிடங்கு வெட்டினால் அது கேணியாகிவிடும். ஆகவே நிலத்துக்கு மேலே பனங்குற்றிகளையோ கற்களையோ நாற்புறமும் அடுக்கி அதற்குள் நிரப்புங்கள். மழை நீர் உள்ளே இறங்கினால் எரு குளிர்ந்து போகும். மேலே கிடுகோ தறப்பாளோ கட்டாயம் வேண்டும்.

எருவின் சூடு எவ்வளவு வலியது என்பதற்குப் பிரான்சு தேசத்தின் ஜான் பெயின் என்பவரைச் சொல்வார்கள். தெற்குப் பிரான்சில் காட்டைக் காவல் செய்து வாழ்ந்த அவர், 1970களில் வெட்டிய பற்றைகளைத் தூளாக்கி, நனைத்து, பெரும் குவியலாக்கி, அதற்குள் நீர்க்குழாயைச் சுருட்டி விட்டார். ஐம்பது தொன் அளவான குவியல் மாதக் கணக்கில் 60 பாகை வரை நீரைச் சூடாக்கிக் கொடுத்தது. நமக்கு ஐம்பது தொன்னும் வேண்டாம், 60 பாகையும் வேண்டாம். எருக்குவியலுக்குள் குழாய் சுற்றி அந்த நீரை மேடையின் மணலுக்கு அடியால் ஓட விடுவது மோட்டார் உள்ள பெரிய நாற்றுமேடைக்குப் பொருந்தும். சிறிய மேடைக்கு எருவின் மேலேயே மணலைப் போடுவது இலகு.

எரு கிடைக்காதவர்களுக்குப் போத்தல் முறை உண்டு. ஒரு சதுர மீற்றர் மேடையில் நான்கு அங்குல ஈரமணலின் சூட்டை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 50 கிலோ கலோரி வேண்டும். ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல்கள் எட்டில் 45 பாகை நீரை நிரப்பி, மூடியை இறுக்கி, மாலையில் மணலுக்கு அடியில் படுக்க வைத்தால், அந்த நீர் 25 பாகைக்கு ஆறும்போது 240 கிலோ கலோரியை விடும். கணக்குப்படி நான்கைந்து பாகை. பாதி வெளியே போனாலும் இரண்டு பாகைக்கு மேல் மிஞ்சும். குளிர் கடுமையாயிருக்கும் விடியற்புறம் வரை அது உதவும். வெயில் எறிக்கும் நாளில் போத்தல்களைக் கறுப்பு நிறம் பூசித் தகரத்தின் மேல் வைத்தால் நீர் நன்றாகச் சுடும். மழை நாளில் சமைத்து முடிந்த அடுப்பின் சூட்டில் ஒரு பானை வைத்தால் போதும். நீர் போத்தலுக்குள்ளேயே நிற்பதால் மணலும் ஊறாது, மூச்சுக்குள்ளும் போகாது, அதே நீரை நாளைக்கும் பாவிக்கலாம். 200 லீற்றருக்குப் பதிலாக 12 லீற்றர் சூடாக்குகிறோம் என்பதையும் பாருங்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தலில் விளக்கெரித்துப் பிள்ளைகளைப் படிப்பித்த மக்களுக்குப் போத்தல் பாவிக்க நாம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

சூட்டை அளக்கக் காய்ச்சல் பார்க்கும் கருவி உதவாது; பெரும்பாலும் அது 35 பாகைக்குக் கீழே காட்டாது. விரலால் பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். நம் கைத்தோல் 32, 33 பாகை. மணல் வெதுவெதுப்பாகத் தெரிந்தால் அது ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சிவிட்டது. விரலுக்குச் சற்றே குளிர்ச்சியாக, ஆனால் சில்லென்று இல்லாமல் இருப்பதே சரியான சூடு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னர் வாடையை மறியுங்கள். மேடையின் வடக்கிலும் கிழக்கிலும் கிடுகு மறைப்பு ஆளுயரத்துக்கு நிற்கட்டும். காற்றுப் பட்ட ஈர இலையும் ஈர மணலும் சூட்டை எவ்வளவு விரைவாக இழக்கும் என்பதற்கு 2022இல் நாம் புதைத்த மாடுகளே சாட்சி. பின்பு தூவலைக் குறையுங்கள். மார்கழியில் மூடம் போட்ட நாளில் காலையில் இரண்டொரு தரமும் மதியத்தில் சில தரமும் போதும். மாலை நான்கு மணிக்குப் பின் வேண்டாம். இரவில் இலை நீர் இழப்பது மிகக் குறைவு. அப்போது தூவுவது குளிரையும் அழுகலையும் கூப்பிட்டு விடுவது. நேரங்காட்டிக் கருவி வைத்திருப்போர் பலர் சித்திரையில் வைத்த கணக்கை மார்கழியிலும் மாற்றுவதில்லை. நீரைச் சூடாக்கும் யோசனையே அவர்களில் பலருக்கு இதனால்தான் வருகிறது. தூவலைப் பாதியாகக் குறைத்தாலே மணல் தானாகச் சூடேறும்.

தூவலே வேண்டுமா?

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். முருங்கை, சீமைக்கிளுவை, செவ்வரத்தை, மாதுளை ஆகியவற்றின் முற்றிய தடிகளுக்குத் தூவல் தேவையே இல்லை. நிழலில் ஊன்றி ஈரம் காத்தால் போதும். மிளகு, மல்லிகை, றோசா, தேசி, கொய்யா ஆகியவற்றின் இளந்தண்டுகளுக்கே ஈரக்காற்று வேண்டும். அவற்றுக்கும் மூடிய பொலித்தீன் கூடாரம் பல வேளை போதுமானது. மிளகுத் தண்டுகளை நிழலில் பொலித்தீனால் மூடி வேரூன்ற வைக்கும் முறையை ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் நீண்ட காலமாகப் பரப்பி வந்துள்ளது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வழிகாட்டலில் மலைநாட்டுத் தோட்டங்களில் தேயிலைத் தண்டுகளை வளர்க்கும் 'வீ.பி.' மேடைகளும் பொலித்தீன் மூடியவைதான். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களில் அந்த மேடைகளில் வேலை பழகிய தாய்மார் உண்டு. அவர்களுடைய கைப்பழக்கத்தை அயலவர்கள் கேட்டறிவது, கடையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து நொசில் வாங்குவதிலும் மேலானது என்பது எமது எண்ணம்.

இடம்பெயர்ந்த குடும்பத்துக்குத் தண்டு என்பது சாதாரண பொருள் அல்ல. வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, கிணற்றைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வெட்டிய ஒரு தடியை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு போகலாம். 1995இல் வலிகாமத்தை விட்டு வந்தவர்களும், 2008, 2009இல் கிளிநொச்சியிலிருந்து கிழக்கே நகர்ந்து கொண்டே இருந்தவர்களும் அதைக்கூடச் செய்ய அவகாசமின்றி ஓடினார்கள். செட்டிகுளம் முகாம்களிலிருந்து திரும்பியபோது பற்றை மூடிய வளவில் பழைய மாமரம் ஒன்றேனும் நின்றது சிலருக்கு. மற்றவர்கள் கறிவேப்பிலை முதற்கொண்டு எல்லாவற்றையும் புதிதாக நட வேண்டியிருந்தது. இன்றும் தமது சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் வேறிடத்தில் இருப்பவர்கள், நிலையான மரத்தை எங்கே நடுவது என்று தெரியாமல் சாடிகளிலும் பைகளிலும் கன்று வளர்ப்பதை நாம் காண்கிறோம். அப்படிப்பட்டவர்களிடம் நூறு தண்டில் எழுபது அழுகிப்போவது வெறும் நட்டம் அல்ல.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்கழியில் ஊன்றியது மாசி, பங்குனியில் வேரோடு பைக்கு மாறும். அதன்பின் சோளகம் வீசும் வறண்ட மாதங்கள். வன்னியில் மானாவாரியாகக் கன்று நடும் காலம் ஐப்பசி மழை. இடையில் ஏழு எட்டு மாதம் அந்தக் கன்றுகளுக்கு நிழலும் நாளாந்த நீரும் வேண்டும். ஆவணி, புரட்டாதியிலும் வற்றாத கிணறு உள்ளவர்களும், வைகாசிக்குள் விற்றுவிட வழியுள்ளவர்களும் மார்கழியில் துணிந்து ஊன்றலாம். கிணறு ஆடியில் அடி காட்டும் வளவுகளில் வைகாசி, ஆனி மாதங்களில் ஊன்றுவதே நல்லது. அப்போது மணலுக்குச் சூடு தேவையில்லை, ஐப்பசி மழைக்குக் கன்றும் ஆயத்தமாக இருக்கும். தூவல் மட்டும் அடிக்கடி வேண்டும், மேடையின் மறைப்பை வடகிழக்கிலிருந்து தென்மேற்குக்கு மாற்றிக் கட்ட வேண்டும். எந்தத் தண்டை எப்போது வெட்டுவது என்பதில் ஐயம் இருப்பவர்கள் தமது கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் காணலாம். போகும்போது அழுகிய தண்டுகள் இரண்டையும் அடி மணல் ஒரு பிடியையும் பொலித்தீன் பையில் கொண்டு போங்கள். வாயால் சொல்வதிலும் அதைக் காட்டினால் அவருக்கு விரைவில் விளங்கும்.